பால்குடச் சேலைக்கு ஒரு சப்ளையர்

சப்ளையராம் சப்ளையர்! அந்த வார்த்தையைக் கேட்டாலே யோகேஸ்வரிக்கு வாய் கசந்துவிடும். சுங்கை லாலாங் தாமான் குடியிருப்பில், தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் சேலைக்கடை நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து அவள் பார்க்காத புளுகனா? ஒருத்தன் மயில்கழுத்து நிறம் என்று படம் காட்டிவிட்டுக் கொசுவலையை அனுப்பினான். இன்னொருத்தி லைவில் வந்து, நேராகத் தறியிலிருந்து எடுக்கிறேன் என்று மூச்சு விடாமல் கத்தினாள். போய்ப் பார்த்தால் அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் அவளும் ஒரு விளக்கும்தான் இருந்தார்கள். மூன்றாவது ஆசாமி சுங்கை பட்டாணியில் ஓட்டல் மண்டபம் பிடித்து, வீட்டிலிருந்தே முதலாளி ஆவது எப்படி என்று கோட்டு மாட்டிக்கொண்டு வகுப்பெடுத்தவன். உங்கள் ஸ்டோர் எங்கே இருக்கிறது என்று இவள் கேட்டதுதான் தாமதம், இவள் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

“வெக்கங்கெட்டதுங்க! கையில ஒரு முழம் துணி கெடையாது, பேச்சு மட்டும் பேல் பேலா வருது” என்று புருஷன் புவனேசனிடம் பொரிந்து தள்ளுவாள்.

தொழிற்சாலை பஸ் ஓட்டும் புவனேசன் இதற்கெல்லாம் வாய் திறக்க மாட்டார். திறந்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். யோகேஸ்வரியின் வீட்டிலும்தான் விற்பதற்கு ஒரு முழம் துணி கிடையாது. அவள் செய்வதும் டிரோப்ஷிப்தான். எங்கேயாவது நல்ல சேலைப் படம் கண்ணில் பட்டால் எடுத்துத் தன் பக்கத்தில் போடுவாள். யாராவது கேட்டால், அதன் பிறகு அதை வைத்திருக்கும் சப்ளையரைத் தேடிப் பிடிப்பாள். அவன் வாங்குகிறவர் வீட்டுக்கே நேராக அனுப்பிவிடுவான். அவள் சேலையைத் தொடக்கூட வேண்டாம். ‘அது வேற லா, நான் யாரையும் ஏமாத்தல’ என்பது அவளுடைய கட்சி.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் காளியம்மா வந்தார். கோயில் மகளிர் பிரிவுத் தலைவி. அந்த அம்மாள் ஒரு வீட்டுப் படியேறினால் பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறக்கும்.

“போன வருசம் பால்கொடத்துக்கு அலோர் ஸ்டார் கடையில எடுத்தோம். பாதி சேலை எலுமிச்ச மஞ்ச, பாதி பரங்கிக்கா மஞ்ச. ஊர்வலத்துல பாக்கச் சகிக்கல. இந்த வருசம் அம்பது சேலையும் ஒரே மாதிரி இருக்கணும் யோகேசு.” காளியம்மா தன் கைப்பேசியை நீட்டினார். யோகேஸ்வரியின் பக்கத்தில் இருந்த படம்தான் அது. அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலை. “இது உன்கிட்ட இருக்குல்ல? போன்ல படம் காட்டுறவகிட்ட போயி எடுக்கறதான்னு மத்ததுங்க எல்லாம் மூஞ்சியச் சுளிச்சாளுங்க. நம்ம தோட்டத்துப் புள்ள, நான் பொறுப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“இருக்குக்கா. ரெடி ஸ்டாக்.”

சொல்லிவிட்டாள். எப்படிச் சொல்லாமல் இருப்பாள்? ஐம்பது பெண்கள் அவள் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு தலையில் குடத்தோடு கோயிலைச் சுற்றி வந்துவிட்டால், அப்புறம் எவள் அவளைப் பார்த்துப் படம் காட்டுகிறவள் என்று சொல்வாள்? சேலை வராமல் போனாலோ, அந்தக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றக்கூட அவளுக்கு முகம் இருக்காது.

அன்றைக்கே தேட ஆரம்பித்தாள். அந்த மஞ்சள் சேலைப் படம் இல்லாத கடையே இல்லை. எல்லாக் கடையிலும் அதே பெண், அதே சிரிப்பு. எவரிடம் கேட்டாலும் ‘பிஎம் பண்ணுங்க சிஸ்’ என்றார்கள். அப்படித் தனியாகச் செய்தி அனுப்பினால் நாளைக்குச் சொல்கிறேன் என்றார்கள். த்தூ, இதுகளெல்லாம் ஒரு வியாபாரிகள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தபோதுதான் அலோர் ஸ்டாரில் காளிதாசன் என்று ஒரு பையன் அகப்பட்டான். ‘மொத்த வியாபாரம், நேரடி இறக்குமதி’ என்று போட்டிருந்தான். யோகேஸ்வரி இந்த முறை ஏமாறுவதாக இல்லை. உடனே அழைத்து, தனக்குத் தெரிந்த ஒரே பரீட்சையை வைத்தாள்.

“தம்பி எந்தத் தோட்டம்?”

“ஏழாங்கட்டைத் தோட்டம்கா. மேல் டிவிசன்.”

யோகேஸ்வரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பிறந்த தோட்டம்! “மேல் டிவிசன்ல யாரு வீடு?”

“பிச்சை மண்டோர் பேரன்கா.”

“ஐயோ, பிச்சை மண்டோரா! எங்க அப்பாவுக்கு ரப்பர் வெட்ட மரம் பிரிச்சுக் குடுத்த கங்காணியே அவருதான்டா!”

பரீட்சை முடிந்தது. கோயில் பூசாரியின் பட்டப்பெயர், லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த குழாயடி, திருவிழாவில் தேர் சாய்ந்த கதை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். ஒரு பொய் கிடையாது. உண்மையிலேயே அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். தன் வீட்டு முகவரியைக் கொடுத்து, ஐம்பது சேலை இருக்கிறதா என்று கேட்டதற்கு, “நம்மளுக்குள்ள என்னக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரும்” என்றான்.

“ஒரு சாம்பிள் அனுப்பச் சொல்லிப் பாரேன்” என்றார் புவனேசன், சாப்பிட்டுக்கொண்டே.

“சொந்தத் தோட்டத்துப் பையன்கிட்ட சாம்பிள் கேக்கறதா? மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும். ஒங்களுக்கு மனுசன எட போடத் தெரியாது, பேசாம சாப்புடுங்க.”

புவனேசன் பேசாமல் சாப்பிட்டார்.

புதன்கிழமை வரைக்கும் சேலை வரவில்லை. யோகேஸ்வரி அலட்டிக்கொள்ளவில்லை. நம்ம பையன், வந்துவிடும். காளியம்மா இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தபோதும் வாய் நிறையச் சொன்னாள். அன்று மத்தியானம் அவள் கடைக்கே ஒரு பெரிய ஆர்டர் கதவைத் தட்டியது. பண்டார் பாருவிலிருந்து கேரன் என்று ஒரு பெண்.

“ஹாய் சிஸ். மஞ்சள் சேலை, அரக்குக் கரை, அம்பது வேணும். அவசரம். ஸ்டாக் இருக்கா?”

யோகேஸ்வரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடேயப்பா, இன்னொரு ஐம்பதா! பால்குடக் காலம், எல்லாக் கோயிலுக்கும் மஞ்சள்தானே வேண்டும். கை தானாகத் தட்டியது: “ரெடி ஸ்டாக் சிஸ். எத்தனை வேணும்னாலும் இருக்கு.”

“நெசமாவா சிஸ்? நான் ரொம்ப பேர்கிட்ட ஏமாந்துட்டேன். யாரையும் நம்ப முடியல.”

“என்னை நம்பலாம் சிஸ். வெறும் படத்தைப் போட்டு யாவாரம் பண்ற கூட்டம் இல்ல நான்.”

அதைத் தட்டும்போது அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. அந்தக் கூட்டத்தின் மேல் இருந்த வெறுப்பு அவ்வளவு சுத்தமானது. உடனே காளிதாசனைக் கூப்பிட்டு, “தம்பி, இன்னொரு அம்பது சேத்துக்கோ” என்றாள். அவனுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். “போலே கா, போலே, தாராளமா முடியும்! இப்பவே சப்ளையர்கிட்ட சொல்லிடுறேன்” என்றான். சப்ளையர்கிட்டயா என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

சற்று நேரத்தில் கேரனிடமிருந்து மறுபடியும் செய்தி. “சிஸ், இப்ப நூறாயிருச்சு! எல்லாம் ஒரே எடத்துக்குத்தான். நேரா கஸ்டமர் வீட்டுக்கே அனுப்பிடுங்க.” அதன் கீழே முகவரி.

யோகேஸ்வரி படித்தாள். சுங்கை லாலாங். அட, பக்கத்திலேயே! தாமானின் பெயர் வந்தது. அடுத்து தெருவின் பெயர். அடுத்து கதவு எண். பெறுநர்: திருமதி யோகேஸ்வரி புவனேசன்.

கைப்பேசியைக் குப்புறப் போட்டாள். திரும்ப எடுத்துப் பார்த்தாள். அவள் வீடுதான்.

காளிதாசனைக் கூப்பிட்டுக் கத்தினாள், கண் மண் தெரியாமல். “ஏன்டா, ஒன்கிட்ட சேலையே இல்லியா? நேரடி இறக்குமதின்னு போட்டுருக்கியேடா பாவி! பிச்சை மண்டோர் பேரப் போயி கெடுத்தியேடா!”

“அக்கா, அக்கா, நான் என்னக்கா பொய் சொன்னேன்?” பையன் அழாத குறை. “பண்டார் பாருல எனக்கு ஒரு சப்ளையர் இருக்காங்க, கேரன்னு. அவங்க இப்பத்தான் கன்பர்ம் பண்ணாங்க. சுங்கை லாலாங்ல அவங்களுக்கு யாரோ பெரிய ஆளு இருக்காங்களாம்கா. எத்தனை வேணும்னாலும் ரெடியா வச்சிருப்பாங்களாம். ரொம்ப நம்பிக்கையான ஆளாம்.”

யோகேஸ்வரி இணைப்பைத் துண்டித்தாள்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த புவனேசனிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சிரித்துத் தொலைத்திருந்தால் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். “போயி அந்தம்மாகிட்ட நேர்ல சொல்லிடு” என்று மட்டும் சொன்னார்.

காளியம்மா வீட்டு முன்னறையில் மகளிர் பிரிவுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து குடங்களுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரியைக் கண்டதும், “சேலை வந்துருச்சாடி?” என்று ஒருத்தி ஆசையாகக் கேட்டாள். யோகேஸ்வரி நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். அலோர் ஸ்டார் பையன் ஏமாற்றியதைச் சொன்னாள். பண்டார் பாருக்காரி அவனை ஏமாற்றியதைச் சொன்னாள். அதுகள் எப்பேர்ப்பட்ட ஜாதிகள், எவ்வளவு துணிச்சல், எவ்வளவு புளுகு என்று சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. ஆனால் அந்தக் கேரன் கடைசியில் யாரிடம் கேட்டாள் என்ற இடம் வந்ததும் வாய் குழறி நின்றுவிட்டது. மிச்சத்தைத் தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

நூல் சுற்றுகிற கைகள் நின்றன. காளியம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“நான் ஒன்னே ஒன்னு கேக்கறேன் யோகேசு. கட தொறந்ததுலேருந்து, ஒன் கையில ஒரு சேலையாச்சும் இருந்துச்சா?”

“இல்லக்கா.”

“ம்.”

அவ்வளவுதான். காளியம்மா திட்டவில்லை. திட்டுவார் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். அதற்கெல்லாம் பதில்கூட யோசித்து வைத்திருந்தாள். அந்த அம்மாளோ கைப்பேசியை எடுத்து அலோர் ஸ்டார் கடைக்காரரைக் கூப்பிட்டு, எந்த மஞ்சளாக இருந்தாலும் சரி, இருப்பதைக் கட்டி வையுங்கள், காலையில் ஆள் வரும் என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த குடத்தை எடுத்தார். மற்றவர்களும் நூலை எடுத்தார்கள், பேச்சு வேறு எதற்கோ போனது, யோகேஸ்வரி வாசலிலேயே நின்றாள், உள்ளே வா என்றோ போய் வா என்றோ அவளிடம் யாரும் சொல்லவில்லை.