ஒரு பக்கத் தோடு

இந்தக் காலத்தில் எவனும் ஆளைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறான். தாள் கையில் இல்லாத நேரத்தில் போனைப் பார்க்கிறான். பக்கத்தில் ஒரு பொம்பளை மூச்சுக்குத் திண்டாடினால், காதில் சொருகியிருப்பதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொள்கிறான். பெரியவர் இதை மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்.

“எந்திரிங்கய்யா. மனுஷி படுக்கணும்னு சொல்றேன், காது கேக்கல?”

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். அங்கேயும் போனைத்தான் பார்த்தார்கள்.

“எதுக்குச் சத்தம் போடுறீங்க,” என்றாள் மனைவி. “வாயுதான். கொஞ்சம் சாஞ்சா சரியாயிடும்.”

எல்லைக்கு வெளியே, தகரக் கூரை போட்ட காத்திருப்புக் கூடம் அது. மகள் வேலை பார்க்கிற நாட்டில் இவர்கள் இரண்டு பேரும் ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான் தங்கலாம். அது முடிவதற்குள் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்து, அன்றைக்கே திரும்பி உள்ளே போகிற முத்திரையை வாங்கிவிட்டால் இன்னொரு மூன்று மாதம். மகளுக்கு ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்தில் வேலை. மருமகன் போன இடம் தெரியாது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூத்து.

வேனில் கூட்டி வருகிறவனை எல்லாரும் முத்திரைத்தம்பி என்பார்கள். எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, கவுன்ட்டருக்குக் கொண்டுபோய் மொத்தமாகக் குத்தி வாங்கி வருவான். ஆள் போய் நிற்க வேண்டியதில்லை. அப்புறம் கம்பி வலை போட்ட நீளமான நடையில் நடந்து போனால் அந்தப் பக்கம் வேன் நிற்கும். பெரியவருக்கு அவனைப் பிடிக்காது. காலமெல்லாம் லாரி ஓட்டியவர். செக்போஸ்டில் எவன் சிரித்துக்கொண்டே தாளை வாங்கினானோ அவன்தான் கழுத்தை அறுத்திருக்கிறான்.

மனைவிக்கு அப்படியெல்லாம் கிடையாது. “வயசுல பக்கத்து ஊருக்குக்கூடக் கூட்டிட்டுப் போகாத மனுஷன், இப்ப மூணு மாசத்துக்கு ஒருக்கா வெளிநாடு கூட்டிட்டுப் போறாரு,” என்று ஒவ்வொரு தடவையும் வேனில் சொல்லி ஊரைச் சிரிக்க வைப்பாள். இன்றைக்குக் காலையிலும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே மூச்சு வாங்கியது.

இப்போது துணிப்பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள்.

“ஏங்க, பாப்பாவுக்குத் தலை பின்னி விட்டேனா?”

“விட்ட. ரெட்டப் பின்னல்.”

“ரிப்பன்?”

“அதெல்லாம் கட்டித்தான் விட்ட. கண்ண மூடு.”

கண்ணை மூடினாள். பெரியவர் கவுன்ட்டர் பக்கம் பார்த்தார். முத்திரைத்தம்பி ஜன்னலில் முழங்கையை ஊன்றி உள்ளே இருக்கிற ஆபீசரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அங்கே அவனுக்கு என்ன சிரிப்பு என்று பெரியவருக்கு எரிச்சலாக வந்தது.

கூடத்தைத் துடைத்துக்கொண்டு வந்த பொம்பளை பெஞ்சுக்கு அருகில் குனிந்தாள். “அண்ணே, அக்கா கால் தொங்குது பாருங்க, தூக்கி மேல வைங்க,” என்று தானே பாதத்தைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை. துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள்.

“அண்ணே.”

“என்ன?”

“நீங்களே கொஞ்சம் பாருங்க.”

பெரியவர் பார்த்தார். தோளைப் பிடித்து உலுக்கினார். “இவளே, ஏய் இவளே,” என்றார். தலை ஒரு பக்கமாகச் சரிந்து பையிலேயே நின்றது. சுவரோரம் நின்றவர்கள் இப்போதுதான் காதில் இருந்ததைக் கழற்றினார்கள். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

முத்திரைத்தம்பி சீட்டுப் போடுகிற மாதிரி பாஸ்போர்ட்டுகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தான். “இந்தாங்க பெரியவரே, ரெண்டும் ஆயிடுச்சு. மூணு மாசத்துக்குக் காலை நீட்டிப் படுங்க,” என்றவன் பெஞ்சைப் பார்த்ததும் நின்றான். வாசலில் இருந்தவர்களைப் பார்த்தான். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து குரலை இறக்கினான்.

“எப்போ?”

“இப்பத்தான். நீ சிரிச்சுப் பேசிட்டு நின்னியே, அப்ப.”

“பெரியவரே, அவங்க உள்ள வந்துட்டாங்கன்னு குத்தியாச்சு. தாள்படி அவங்க இப்ப அந்தப் பக்கம் இருக்காங்க.”

“இங்கதானடா கெடக்கா!”

“மெதுவா. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆள் முன்னாடி வராம எப்படிக் குத்துனேன்னு ஒரு கேள்வி வந்தா என் பொழப்புப் போச்சு, ஆபீசர் வேலையும் போச்சு. வந்திருக்கிற அத்தனை பேரு முத்திரையையும் அழிச்சிடுவாங்க. உங்களுக்கு உள்ள நின்னு கையெழுத்துப் போட்டது யாரு? உங்க பொண்ணு. அதையும் தோண்டுவாங்க.”

“இப்ப என்ன பண்ணச் சொல்ற?”

“அவங்க பாஸ்போர்ட்ட எங்கிட்டக் குடுங்க. நீங்க எங்களோட நடங்க. யாராவது கேட்டா, பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, யாருன்னு தெரியாதுன்னு சொல்லிடுங்க. அனாதைப் பொணம்னா இங்க நல்லபடியாவே அடக்கம் பண்ணிடுவாங்க. அடுத்த நடை வரும்போது எந்த இடம்னு விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்.”

பெரியவர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கால் அதுபாட்டுக்கு நடைப்பாதைப் பக்கம் திரும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் மறுபடியும் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

“யாருன்னு தெரியாதா?”

“வாய் வார்த்தைதானே.”

“இந்தச் சட்டைப் பொத்தான் நேத்து அவ தெச்சதுடா,” என்றார். இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் இறுக்கிக்கொண்டு கவுன்ட்டர் பக்கம் நடந்தார்.

வாசலில் நின்ற ஒரு சமையல்காரம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். வேனில் அவர் மனைவி சொன்னதற்கெல்லாம் அதிகம் சிரித்தவள் அவள்தான். “ஐயா, என் புள்ளைங்க உள்ள இருக்குய்யா. எல்லாரையும் சேத்துக் கவுத்துடாதீங்க.”

“உங்களப் பத்தி நான் ஏன் பேசுறேன்? எம் பொண்டாட்டியப் பத்தித்தான் சொல்லப்போறேன்.”

ஜன்னலுக்குள் இருந்த ஆபீசர் சின்ன வயசுக்காரன். நிமிராமலே இரண்டையும் வாங்கிப் புரட்டினான். “சரியாத்தானே இருக்கு. போகலாம்.”

“சார், இவ இல்ல.”

“உள்ள போயிட்டாங்கன்னு இருக்கே.”

“பெஞ்சுல கெடக்கா சார். செத்துப் போயிட்டா.”

அப்போதுதான் ஆபீசர் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர் தோளுக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்தான். முத்திரைத்தம்பி தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றான். ஆபீசரின் காதுமடல் சிவந்தது. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினான். லாரிக் காலத்தில் கதவைச் சாத்தினால் அடுத்தது அடிதான். திரும்பி வந்தவன் இழுப்பறையைத் திறந்தபோது அவர் ஜன்னலிலிருந்து ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

அவன் எடுத்தது வேறொரு முத்திரை. அவள் பாஸ்போர்ட்டில் ஓங்கிக் குத்தினான். சிவப்பாக விழுந்தது.

“உள்ள வரல. அவ்வளவுதான். முன்னாடி எப்படி விழுந்துச்சுன்னு நான் கேக்கல, நீங்களும் எங்கயும் பேசாதீங்க. இனிமே இந்தப் பாஸ்போர்ட்டுல அவங்க உள்ள வர முடியாது.”

“அவ இனி எங்க சார் வரப்போறா.”

ஆபீசர் பேனாவை மூடித் திறந்தான். “இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன். வண்டி வரும்.”

“உடம்ப எங்களோட கொண்டு போக முடியாதா? பொண்ணு பாக்கணும்.”

“அதுக்கு வேற தாள். வாரக்கணக்கா ஆகும். கெடைக்கும்னும் சொல்ல முடியாது.”

“அப்ப வண்டி வர்றவரைக்கும் நான் கூட இருக்கேன்.”

“இருங்க. ஆனா உங்க முத்திரை இன்னைக்குத் தேதி. கேட் மூடுறதுக்குள்ள தாண்டலன்னா அது செல்லாது. இங்க தங்கவும் உங்களுக்கு அனுமதி இல்ல. பிடிச்சு உள்ள வெச்சிடுவாங்க.”

அவர் கூடத்துக்கு வந்து மகளுக்குப் போன் போட்டார். அவள் எடுத்ததும் பின்னால் இயந்திரங்கள் சுற்றுகிற சத்தம். அவர் சொன்னார். இயந்திரங்கள்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

“அம்மா சாப்ட்டாளாப்பா?” என்று மகள் கேட்டாள்.

“சாப்ட்டா. பாதி வெச்சுட்டா.”

மறுபடியும் அந்தச் சத்தம்.

“என்னால வெளிய வர முடியாதுப்பா. எனக்கு அனுமதி புதுப்பிக்கக் குடுத்திருக்கு. இப்ப நான் காலை வெளிய வெச்சா அப்படியே நின்னுடுவேன், பாப்பா உள்ள இருப்பா.”

“தெரியும்மா.”

“நீங்க வந்துடுங்கப்பா. நீங்களும் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா நான் யாருக்குன்னு அலையறது?” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா அம்மாவத் தனியா விட்டுட்டு வராதீங்க,” என்றாள். இரண்டையும் எப்படிச் செய்வது என்று அவர் கேட்கவில்லை.

வண்டி வரவில்லை. வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவராக நடைக்குள் போய்விட்டார்கள். முத்திரைத்தம்பியும் போய்விட்டான். வெயில் பெஞ்சின் காலுக்கு ஏறி, அப்புறம் அதையும் விட்டுப் போனது. நடையின் வாசலில் கேட்காரன் ஒரு கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டான்.

துடைக்கிற பொம்பளை ஈ வராமல் அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டே இருந்தாள். “நீங்க போங்கண்ணே. வண்டி வர்றவரைக்கும் நான் இருக்கேன். அடக்கத்துக்கும் போயிட்டு வந்துடறேன்.”

“நீ எதுக்குப் போகணும்?”

“யாராவது போகணுமில்ல?”

“நீ யாரு, எவரு?”

“இங்க கூட்டுறவ. பாத்தா தெரியல?”

பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். சும்மா எவரும் எதுவும் செய்வதில்லை. அவள் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். அது அட்டையைத்தான் பார்த்தது. அவர் கண்தான் மனைவியின் காதுக்குப் போனது. இரண்டு கல்தோடு.

கிட்டே உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தார். வலது காதுத் தோடு உடனே வந்தது. இடது காதில் திருகு இறுகிக் கிடந்தது. “இது நான் போனப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்,” என்று அவள் குளிக்கும்போதெல்லாம் சொல்வாள். நகத்தால் திருப்பினார். விரல் வழுக்கியது. காது இன்னும் முழுக்கக் குளிர்ந்திருக்கவில்லை. இழுத்தால் கிழியும்.

“சொட்டு எண்ணெ விட்டா வருமண்ணே. எங்கிட்ட இருக்கு.”

“வேண்டாம். நீ தொடாத.”

அவள் விசிறினாள்.

“யோவ், பெரியவரே! வர்றீங்களா, பூட்டட்டுமா?” கேட்காரன் கத்தினான்.

பெரியவர் சிவப்பு முத்திரை குத்திய பாஸ்போர்ட்டை எடுத்தார். அந்தப் பொம்பளை கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. மனைவியின் முந்தானையில் அதை வைத்துச் சுருட்டி ஒரு முடிச்சுப் போட்டார். போதாது என்று தோன்றியது. இன்னொன்று போட்டார். அந்தப் பொம்பளை அவிழ்த்துவிடுவாள் என்று தோன்றியது. மூன்றாவதும் போட்டார்.

“பேரு அதுல இருக்கு,” என்றார். “பேரச் சொல்லித்தான் எடுக்கணும். அனாதைன்னு எழுதக்கூடாது.”

“எழுத விடமாட்டேன்ணே.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க.”

திரும்பிப் பார்க்காமல் கேட் வரைக்கும் போனார். கேட்காரன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாளை வாங்கித் தேதியைப் பார்த்தான். தலையை ஆட்டினான். கதவு அவருக்குப் பின்னால் விழுந்தது.

நடையில் பாதி தூரம் போனதும் நின்று திரும்பினார். கம்பி வலைக்கு அப்பால் கூடம் சின்னதாகத் தெரிந்தது. பெஞ்சு தெரிந்தது. அந்தப் பொம்பளை அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்திருந்தாள். அவள் கை இடது காதுப் பக்கம் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் புடவையை இழுத்துத் தலையோடு சேர்த்து மூடினாள்.

மறைத்தாளா, கழற்றினாளா என்று தெரியவில்லை. பெரியவர் வலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இடுக்கிப் பார்த்தார். அவள் மறுபடியும் அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்தாள்.

“கழட்டியிருப்பா,” என்றார்.

நடையின் அந்த முனையில் வேன் ஹாரன் அடித்தது. மூடிய கைக்குள் ஒற்றைத் தோட்டின் திருகு குத்திக்கொண்டிருந்தது. அவர் கையைத் திறக்காமல் நடந்தார்.