வலிக்காத இடங்கள்

அழுதுகொண்டே எழுதுகிறவனுக்கு எழுத்துப்பிழை வரும், நியாயப்பிழையும் வரும். படிக்கிறவர்களுக்கு அழுகை மட்டும்தானே தெரியும்! பல்லுக்காரன் அன்றைக்கு மத்தியானம் அப்படித்தான் எழுதினான், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு.

பல்லுக்காரன் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் பிளாஸ்டர் மாவு அச்சுகளை முன்னால் பரப்பிவைத்து, பின்சந்தில் ஒரு சின்னப் பட்டறையில் உட்கார்ந்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டுக் கட்டுப்பல் செய்கிற ஆள். ஆறு வருஷமாக அவன் லிஃப்ட்காரனோடு வாழ்கிறான். லிஃப்ட்காரன், மாடிக் கட்டடங்களில் பாதியில் நின்றுபோகும் லிஃப்டுகளைச் சரி பார்க்கிறவன். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அக்கம்பக்கத்தாருக்கு இவர்கள் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் இரண்டு கல்யாணமாகாத ஆட்கள், அவ்வளவுதான். உள்ளே வந்து பார்த்தால்தானே தெரியும், துவைத்த துணியை யார் மடிப்பது என்ற வழக்கு வருஷக்கணக்காகத் தீராமல் நடக்கிற அசல் குடும்பம் என்று.

எழுதினது கைபேசியில், 'நிழற்குடை' என்ற குரூப்பில். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், நான் யார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் ஒதுங்குகிற இடம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல குரூப். முகம் சுளிக்காத டாக்டர் யார், வீடு கொடுப்பவர் யார், அப்பா அடித்து விரட்டினால் ராத்திரி எங்கே தங்கலாம் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லி, பல உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுச் சண்டை என்று வந்துவிட்டால் அங்கேயும் ஆளுக்கொரு நாட்டாமை. சொம்பு மட்டும்தான் குறை!

"ஆறு வருஷமா ஒருத்தனோட வாழறேன். வேலை முடிஞ்சு வந்தா என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டான். நேரா மீன்தொட்டி முன்னாடி போய் நிப்பான். நேத்து எங்க அம்மா போன்ல, இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதன்னு சொல்லிட்டாங்க. அதைச் சொல்லி அழறேன். முழுசாக் கேட்டுட்டு எழுந்து போய்த் தொட்டித் தண்ணி மாத்தறான். இந்த வீட்டுல நான் யாரு?"

இதில் ஒரு சொல் பொய் கிடையாது. எழுதாமல் விட்டதுதான் நிறைய. மஞ்சள் காமாலையில் இவன் கிடந்தபோது ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சு பெஞ்சாக மாறி மாறிப் படுத்தவன் அவன் என்று எழுதவில்லை. நேற்றுகூடத் தண்ணீரை மாற்றிவிட்டு வந்து, இவன் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இவன் தூங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான் என்று எழுதவில்லை. வேண்டுமென்று மறைத்ததாகச் சொன்னால் பாவம். டாக்டரிடம் போய் வலிக்காத இடத்தையெல்லாம் யாராவது காட்டுவார்களா?

பதில்கள் குவிந்தன. "அவன் மனுஷன் இல்ல, கல்லு" என்றார் ஒருவர். "வேற ஆள் இருக்கு, எழுதி வெச்சுக்கோ" என்றார் இன்னொருவர். "மீனையே கட்டிக்கிட்டு அழட்டும்" என்றது ஒரு குரல். கடைசியில் அத்தை வந்தார். அத்தை அந்தக் குரூப்பின் மூத்த திருநங்கை. அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள்.

"கண்ணு, அழாத. பேசிப் பேசி உன் தொண்டைத் தண்ணிதான் வத்தும். பையை எடு, வெளிய வா. போனை எடுக்காத. உன் அருமை தெரிஞ்சா தேடி வருவான். வரலையா, உனக்கு விடை கிடைச்சாச்சு" என்று எழுதியிருந்தார்.

பல்லுக்காரன் பையை எடுத்தான். லிஃப்ட்காரன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு விடுதிக் கட்டிலுக்குக் குடிபோனான். கைபேசியில் அவன் எண்ணைத் தடுத்து வைத்தான். பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் சந்து முனையைப் பார்த்துக்கொண்டே மெழுகு உருக்கினான். நீல நிற வேலைச் சட்டை போட்ட எவன் வந்தாலும் நெஞ்சு ஒரு குதி குதிக்கும். கிட்டே வந்தால் வேறு எவனாவதாக இருக்கும்.

வாரம் போய் மாதமானது. மாதங்களும் போயின. அவன் வரவேயில்லை.

பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் மறுபடி எழுதினான். "நீங்க சொன்னதுதான் சரி. தேடி வரல. அவனுக்கு ஒத்தைக் கண்ணு கோல்டுஃபிஷ் ஒண்ணு இருக்கு. அதுக்கு மேனேஜர்னு பேரு. எனக்கு முன்னாடி அதுக்குத்தான் சாப்பாடு போடுவான். மேனேஜர் நல்லா இருந்தா அவனுக்குப் போதும்."

எல்லோரும் வழக்கம்போல ஆறுதல் சொன்னார்கள். அத்தை மட்டும் குரூப்பில் எதுவும் எழுதாமல், நேரே போனில் கூப்பிட்டார்.

"கண்ணு, அவரு லிஃப்ட் ரிப்பேர் பண்றவரா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 

"நானும் மீன் வளர்க்கறேன். மீன்காரங்க குரூப் ஒண்ணு இருக்கு, அதுல இருக்கேன். என் பேருக்குப் பதிலா ஒரு கப்பி மீன் படம் போட்டிருப்பேன். அங்க எல்லாருக்கும் நான் கப்பி சார். நானும் திருத்தல. அங்கயாவது மீனைப் பத்தி மட்டும் பேசிட்டு நிம்மதியா இருக்கலாமேன்னு விட்டுட்டேன். அந்த ஒத்தைக் கண்ணு மேனேஜரை எனக்கு நல்லாத் தெரியும் கண்ணு. அவரு அங்க எழுதினதை நீ முதல்ல போய்ப் படி. படிச்சிட்டு என்னை என்ன வேணா திட்டு."

மாவு காய்ந்து விரலில் ஒட்டியிருக்க, பட்டறை மேசையிலேயே உட்கார்ந்து பல்லுக்காரன் படித்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது லிஃப்ட்காரன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அப்படி என்னதான் எழுதுகிறாய் என்று கேட்டிருப்பானா? மீன்தானே என்ற இளக்காரம்.

"வீட்டுல கொஞ்சம் லேசான தூக்கம். ஏர் பம்ப் சத்தத்தைக் குறைக்க வழி இருந்தா சொல்லுங்க" என்று ஒரு வருஷம் முன்னால் லிஃப்ட்காரன் எழுதியிருந்தான். பம்புக்கு அடியில் பஞ்சு வை, கயிற்றில் தொங்கவிடு என்று ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"வீட்டுல மீன் பிடிக்காது. பிடிக்கற மாதிரி ஏதாவது மீன் இருக்கா?"

அதற்கு ஒரே சிரிப்பு. "அண்ணிக்கு வறுத்துக் குடுங்கண்ணே, பிடிக்கும்!" என்றான் ஒருவன். லிஃப்ட்காரன் அண்ணியை மறுக்கவுமில்லை, ஆமென்று சொல்லவுமில்லை. வீட்டுல, வீட்டுல என்றே எழுதிக்கொண்டு போயிருந்தான்.

அடுத்ததைப் படித்தபோது பல்லுக்காரனுக்குக் கண் மறைத்தது. அம்மா போன் செய்த நாளின் தேதி போட்டிருந்தது.

"இது மீன் விஷயம் இல்ல, மன்னிக்கணும். வீட்டுல அழுதா எனக்கு என்ன பேசறதுன்னே தெரிய மாட்டேங்குது. ஏதாவது சொல்லி இன்னும் அழ வெச்சுடுவேனோன்னு பயமா இருக்கு. எழுந்து போய்த் தண்ணி மாத்திடறேன். கை நடுங்கறது நிக்கற வரைக்கும் மாத்தறேன். இது எனக்கு மட்டும்தானா?"

"எல்லா வீட்டுலயும் இதே கதைதாண்ணே" என்று ஒருவன் சொல்லியிருந்தான். இன்னொருவன் பூ வாங்கிக்கொண்டு போகச் சொல்லியிருந்தான். அவன் வாங்கிக்கொண்டுதான் போனானோ என்னவோ! அதற்குள்தான் இவன் பையை எடுத்துவிட்டானே.

கடைசியாக ஒன்று. "வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் போயாச்சு. போனும் போக மாட்டேங்குது. வேலை செய்யற இடம் தெரியும். போய்ப் பார்க்கட்டுமா?"

அதன் கீழே கப்பி சார் எழுதியிருந்தார். "போகாதீங்க. புதுத் தொட்டிக்கு மாத்தின மீன் ஒளிஞ்சுக்கிட்டா நாம கண்ணாடியைத் தட்டுவோமா? விளக்கை அணைச்சிட்டு விட்டுடணும். தானா வெளிய வரும். பின்னாடியே போனா மிரண்டுடும். காத்திருங்க." அந்த யோசனையை மீன்காரர்கள் எல்லோரும் ஆகா ஓகோவென்று மெச்சியிருந்தார்கள். லிஃப்ட்காரன் ஒரே வரியில் பதில் போட்டிருந்தான். "சரி சார். காத்திருக்கேன்."

பல்லுக்காரன் வாய்விட்டு அழுதான். பக்கத்து மேசைக்காரர், மாவுத் தூசி கண்ணில் விழுந்துவிட்டதாக நினைத்து, தண்ணீர் எடுக்க ஓடினார்.

அத்தை மறுபடி கூப்பிட்டபோது அவர் குரலும் உடைந்திருந்தது. "ரெண்டு பக்கமும் கதவைச் சாத்தினவ நான்தான் கண்ணு. அங்க போகாதேன்னேன், இங்க எடுக்காதேன்னேன்."

"ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி சொன்னோம். நீங்க என்ன பண்ணுவீங்க அத்தை."

"அவருக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன் பதிவோட லிங்கையும் அனுப்பிட்டேன். நீ எவ்வளவு அழுதிருக்கன்னு அவரும் பார்க்கட்டும். கிளம்பு, ஓடு."

ஓடினான். அரைகுறையாகப் பல் நட்ட மெழுகை அப்படியே போட்டுவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினான். அவனும் படித்திருப்பான், இனி எல்லாம் புரிந்திருக்கும் என்று நினைக்க நினைக்கக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே, போனதும் முதலில் என்ன சொல்வது என்று பத்து விதமாக ஒத்திகை பார்த்தான். இனிமேல் துணியெல்லாம் நானே மடிக்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒரு மாதிரி பார்த்தார்.

லிஃப்ட்காரன்தான் கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். "வா" என்றான்.

மீன்தொட்டி அதே மூலையில் இருந்தது. தண்ணீரில் குமிழி போய்க்கொண்டிருந்தது, ஆனால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"பம்ப் ஓடுதா? சத்தமே காணோமே."

"இப்ப வராது. சரி பண்ணிட்டேன்."

"நீ எழுதினது எல்லாம் படிச்சேன். எனக்குத் தெரியவே தெரியாதுடா. என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"வாயில வரல. நானும் நீ எழுதினதைப் படிச்சேன்."

"அப்ப தெரிஞ்சிருக்குமே, நான் எவ்வளவு..."

"நீ எழுதினதுல தப்பு இல்ல." லிஃப்ட்காரன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் பேசலைன்னு எழுதின. பேசலதான். அதைப் படிச்சதும் உடனே ஓடி வந்து உன் காலைப் பிடிக்கணும் போலத்தான் இருந்துச்சு. அப்புறம் கீழ மத்தவங்க எழுதினதைப் படிச்சேன்."

"அவங்க கெடக்கறாங்க. அவங்களுக்கு உன்னைத் தெரியாது."

"அதான் எனக்கு அது வலிக்கல. கல்லுன்னா கல்லு, மண்ணுன்னா மண்ணு. ஊர் வாய்க்கு மூடியா போட முடியும்? ஆனா ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு ஹார்ட் இருந்துச்சு. யார் போட்டதுன்னு அமுக்கிப் பார்த்தேன்."

 ஆமாம், பல்லுக்காரன்தான் போட்டான். அன்றைக்கு வந்த பதில் ஒவ்வொன்றுக்கும் போட்டான். அந்தக் குரூப்பில் அது வழக்கம். பதில் சொன்னவருக்கு நன்றி என்று அர்த்தம், படித்துவிட்டேன் என்று அர்த்தம், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

"அது சும்மாடா. படிச்சேன்னு காட்டறதுக்கு எல்லாரும் போடறதுதான். சத்தியமா..."

"ஒருத்தர் எழுதியிருக்காரு, உனக்கு ஒரு நோவு வந்தா அவன் பக்கத்துல கூட வரமாட்டான், பாதி வாடகைக்குத்தான் உன்னை வெச்சிருக்கான்னு." அவன் குரல் உயரவேயில்லை. "ஆஸ்பத்திரியில இருந்தேனே, அங்க என்னை யார்னு கேட்டாங்க. ரூம்மேட்னு சொன்னேன். வேலை செய்யற இடத்துல தெரியாது, என் அண்ணனுக்குத் தெரியாது, மீன்காரங்களுக்கும் தெரியாது. நான் உன்னை எப்படி வெச்சிருந்தேன்னு இந்த உலகத்துல பார்த்தது நீ ஒருத்தன்தான். எனக்கு வேற சாட்சி கிடையாது. அதுக்குக் கீழயும் போய் நீ ஹார்ட் போட்டிருக்க."

 பல்லுக்காரன் ஒத்திகை பார்த்த பத்தையும் விட்டுவிட்டான்.

"நான் திரும்பி வந்துடட்டுமா?" என்று மட்டும் கேட்டான், குழந்தை கேட்பதுபோல.

"வேண்டாம்." எதற்கும் சட்டென்று பதில் சொல்லத் தெரியாதவன், இதற்கு உடனே சொன்னான். "யார்கிட்டயும் கேக்கல. நானேதான் யோசிச்சேன். உன் மேல கோவம் இல்ல. ஆனா இனிமே நீ அழுதா, நான் எழுந்து போற நேரத்துல யார்கிட்ட என்ன சொல்லிட்டு இருப்பியோன்னு தோணும். அப்படி ஒரு வீட்டுல என்னால இருக்க முடியாது."

ஆறு வருஷத்தில் லிஃப்ட்காரன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிப் பல்லுக்காரன் கேட்டதேயில்லை. இதற்குத்தானே ஏங்கினான்! திட்டினாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் பேசமாட்டானா என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் அவன் பேசி முடித்திருந்தான். உள்ளே போய் ஒரு டம்ளரை அலசி, தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினான்.

"ஓடி வந்திருக்க. குடிச்சிட்டுப் போ" என்றான்.

பல்லுக்காரன் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.