மணவூர் கேட், தாண்டு!

“இது என்னங்க, ரேலி நோட்ஸா, பஸ் ரூட்டா?”

வளவன் சிரித்தார். கார் கம்பெனி ஒன்றின் ரேலி பந்தய அணிக்கு அவர் மேனேஜர். அணியில் காலியாக இருந்த ஒரே டிரைவர் சீட்டுக்கு ஆள் தேர்வு செய்ய, சென்னையிலிருந்து புது வண்டி ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு திருத்தணிக்கு வெளியே இருக்கும் இந்தக் கல் குவாரிக்கு வந்திருந்தார். அவர் கையில் அம்சாவின் நோட்டு.

“சத்தமா படிங்களேன்,” என்றாள் ஓட்டிக் காட்ட வந்திருந்த கயல்விழி.

“நேரா நூறு. மணவூர் கேட், தாண்டு. எடது பக்கம் மலைப்பாதை ரெண்டு. உடனே நந்தியாத்துப் பாலம், ஒடுக்கம். என்னங்க இது? இந்தக் குவாரியில மணவூர் கேட் எங்க இருக்கு?”

“மணவூர் ரயில்வே கேட்டுல வேகமா போனா வண்டிய தூக்கிப் போடும் சார். இந்த ரோட்டுல எங்கெல்லாம் தூக்கிப் போடுதோ, அதெல்லாம் எங்களுக்கு மணவூர் கேட். கோயிலுக்கு ஏறுற ரோட்டுல ரெண்டாவது திருப்பம் மாதிரி வந்தா மலைப்பாதை ரெண்டு. அண்ணி சொல்லி முடிக்கறதுக்குள்ள என் கால் பிரேக்குல இருக்கும்.”

“எல்லாரும் நம்பர்தான் சொல்வாங்க. ஒண்ணுன்னா ரொம்ப மடக்கு, ஆறுன்னா லேசான வளைவு.”

“எல்லாரும் சொல்லட்டும் சார்.”

வளவனோடு வந்திருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்சா நோட்டை வாங்கி இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கயல்விழியின் அண்ணன் மனைவி, அம்மையார்குப்பத்துப் பெண். விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த தொண்டை. மூன்று வருடமாகக் கயல்விழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள்தான் பாதையைப் படிக்கிறாள். போட்டிக்கு முன்பு இருவரும் பாதையை மெதுவாக இரண்டு முறை ஓட்டிப் பார்த்துக் குறிப்பு எழுதுவார்கள்; நேற்று இந்தக் குவாரியிலும் அப்படித்தான் எழுதினார்கள். போட்டியில் புழுதி கண்ணை மறைக்கும்போது அந்தக் குறிப்புதான் கயல்விழிக்குக் கண். கயல்விழியின் அப்பா வேதாசலம் பட்டறையில் தட்டித் தட்டிச் சரிசெய்த பதினைந்து வருடத்துப் பழைய வண்டியில், போன சீசனில் இரண்டு சுற்று ஜெயித்தார்கள். அதைப் பார்த்துத்தான் கம்பெனி கூப்பிட்டது.

ஆனால் கூப்பிட்டது ஒருத்தியை.

“மேடம், நேராவே சொல்லிடறேன்,” என்றார் வளவன். “சீட்டு உங்களுக்குத்தான்னு முக்கால்வாசி முடிவாயிடுச்சு. இதே சீட்டுக்கு வந்த சக்திவேல் காலையில ஓட்டினார், நாலு நிமிஷம் நாப்பது செகண்ட். நீங்க அதை அடிச்சுடுவீங்க. ஆனா பக்கத்துல கம்பெனி ஆள்தான் உட்காருவார். வண்டிக்குள்ள பேசற சத்தத்தோட வீடியோ வெளியில போகும். ஊர் உலகமெல்லாம் பாக்கும். அதுல நந்தியாத்துப் பாலம்னு வந்தா நல்லாவா இருக்கும்?”

“இன்னா சார் நல்லா இல்ல?” என்று, டெம்போவில் கொண்டுவந்த தங்கள் பழைய வண்டிக்குப் பக்கத்தில் ஜாக்கியைக் கீழே வைத்தார் வேதாசலம். “நந்தியாறு இன்னா கெட்ட வார்த்தையா?”

“நைனா, நீ சும்மா இரு. சார், ரெண்டு தடவை ஓட்டறேன். ஒண்ணு உங்க ஆளோட. ஒண்ணு எங்க அண்ணியோட. வாட்ச் சொல்லட்டும்.”

“வேணாம் கயலு,” என்றாள் அம்சா மெதுவாக. “நீ போ. கெடைக்கிறத விட்டுடாத.”

“ஒன்ன கேட்டேனா?”

வளவன் யோசித்தார். “சரி. ரெண்டே ரெண்டு.”

முதல் ஓட்டத்தில், புது வண்டியில் கயல்விழிக்குப் பக்கத்தில் கம்பெனி ஆள் உட்கார்ந்தார். நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதை, குவாரியைச் சுற்றி ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வரும். வாட்ச் பிடித்த பச்சையப்பன் கத்தினார்.

“நாலு முப்பத்தாறு!”

“பாத்தீங்களா?” என்றார் வளவன். “சக்திவேலைவிட நாலு செகண்ட் கம்மி. நம்பர்லயே.”

கம்பெனி ஆள் இறங்கியதும் கயல்விழி அம்சாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அம்சா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். கண்ணாடிக்குக் கீழே இருந்த சிறு கேமராவைப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தாள்.

“ரெடியா அண்ணி?”

“ஆங்.”

வண்டி பாய்ந்தது.

“நேரா நூறு. லெஃப்ட் மூணு. ரைட் நாலு.”

கயல்விழிக்குக் கால் தடுமாறியது. மூணா? எந்த மூணு? மூளை அதை மலைப்பாதையாக மாற்றி முடிப்பதற்குள் வளைவு வந்துவிட்டது. பின் சக்கரம் ஓரக் கல்லில் உரசியது. மேட்டில் தயங்கி ஏறினாள், இறக்கத்தில் தாமதமாகத் திருப்பினாள். பக்கத்திலிருந்து வந்த குரல் தறிச் சத்தத்தைத் தாண்டும் குரலாக இல்லை. யாருக்கோ பயந்து பாடம் ஒப்பிப்பதைப் போல இருந்தது.

“நாலு நாப்பத்தொண்ணு,” என்றார் பச்சையப்பன். இந்தமுறை அவர் கத்தவில்லை.

கயல்விழி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“ஏன் அண்ணி நம்பர் படிச்ச?”

“ராத்திரியே இன்னொரு பக்கத்துல நம்பர்ல எழுதிகினுதான் வந்தேன். கம்பெனிக்காரங்க முன்னாடி எதுக்கு வம்புன்னு.”

“நம்ம பக்கமும் இருந்துச்சு இல்ல? அத படிச்சிருக்கலாமே?”

“சிரிச்சாங்களே கயலு! நீயே பாத்த இல்ல? அந்த கேமரா வேற மொறைச்சுகினு இருந்துச்சு. என்னால ஒனக்கு அசிங்கம் வரக்கூடாதுன்னு...”

“அந்த ஆளு படிச்சத நான் கேக்கவே இல்ல அண்ணி. கண்ணால ஓட்டினேன். நீ பேசினா அப்பிடி கேக்காம இருக்க எனக்குத் தெரியாது. நீ தப்பா சொன்னாலும் தப்பாவே போவேன்.”

அம்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வளவன் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தார். “விடுங்க மேடம், ரெண்டு ஓட்டமும் முடிஞ்சுது. இங்க ஒரு கையெழுத்து. உங்க பேர் மட்டும்தான்.”

கயல்விழி தாளை வாங்கி முழுதாகப் படித்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை போறேன்.”

“வண்டி தர முடியாதுங்க. ரெண்டுன்னுதான் பேச்சு.”

“உங்க வண்டிய யாரு கேட்டா? நைனா, நம்ம வண்டிய எறக்கு.”

வேதாசலம் வேட்டியை மடித்துக் கட்டினார். “எறக்கித்தான் வெச்சிகினு இருக்கேன். வாங்கம்மா ரெண்டு பேரும்.”

கதவில் அம்மையார்குப்பம் தறிக்காரர்கள் ஒட்டிக் கொடுத்த ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்த வண்டி அது. ஹெல்மெட்டுக்குள் பேசும் மைக் பாதி நேரம் வேலை செய்யாது. அம்சா ஏறத் தயங்கினாள்.

“இதுல தோத்தா சீட்டே போயிடும் கயலு. அவரு தாள வாங்கிக் கிழிச்சுட்டுப் போயிடுவாரு.”

“கிழிக்கட்டும். ஒக்காரு. நம்பர் பக்கத்த கிழிச்சுப் போடு, அத மொதல்ல கிழி.”

அம்சா அவளைப் பார்த்தாள். பிறகு நோட்டிலிருந்து இரண்டு தாளைச் சர்ரென்று கிழித்து ஜன்னல் வழியே வேதாசலத்தின் கையில் கொடுத்தாள்.

வண்டி கிளம்பியது. மைக் முதல் வளைவிலேயே நின்றுபோனது. பரவாயில்லை. அம்சாவின் குரல் இன்ஜினுக்கு மேலே ஏறி, குவாரிப் பாறையில் மோதித் திரும்பி வந்தது. பள்ளத்தின் ஓரத்தில் நின்றவர்களுக்கே கேட்டது.

“நேரா நூறு! மணவூர் கேட், தாண்டு! தாண்டுடீ! எடது மலைப்பாதை ரெண்டு! பாலம், ஒடுக்கம், ஒடுக்கம்! அரக்கோணம் ரோடு, வுடு, வுடு, வுட்டுகினே போ!”

செம்புழுதி சுவர்போல எழுந்தது. அதற்குள்ளிருந்து வண்டி வெளியே வந்து கோட்டைத் தாண்டி நின்றது. பச்சையப்பன் வாட்சை ஒருமுறை பார்த்தார், உதறிவிட்டு மறுபடி பார்த்தார்.

“என்னய்யா?” என்றார் வளவன்.

“நாலு முப்பத்தாறு சார். புது வண்டிக்கு வந்த அதே டைம்.”

“இந்த வண்டியிலயா?”

“இந்த வண்டியிலதான்,” என்றார் வேதாசலம். “நாலாவது கியர் ஒழுங்கா வுழாது. அதையும் எழுதிக்கங்க.”

வளவன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இப்போது அவரோடு வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கயல்விழி பையிலிருந்து தாளை எடுத்து, சூடான பானட்டின் மேல் துணி போட்டு விரித்து, தன் பெயருக்குக் கீழே அம்சா என்று பெரிதாக எழுதினாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

“மேடம், இத மேல ஒத்துக்க மாட்டாங்க.”

“கேட்டுப் பாருங்க சார். ரெண்டு பேருன்னா வரேன். ஒரு பேருன்னா சக்திவேலுக்குக் குடுத்துடுங்க. அடுத்த மாசப் போட்டிக்கு எங்க வண்டிக்குப் பேர் குடுத்தாச்சு. அங்க பாத்துக்கலாம்.”

“சீட்டு போயிடுமேன்னு பயமா இல்லையா?”

“இருக்கு சார். அதுக்காக?”

வளவன் தாளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். போனை எடுத்து நம்பர் போட்டு, குவாரி மேட்டை நோக்கி நடந்தார்.

“சார், ஒரு நிமிஷம்,” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தாள் அம்சா. அந்தத் தறிக் குரலுக்கு அவர் நின்றேயாக வேண்டியிருந்தது. “உங்க ஆளு ஒருத்தர் போன்ல படம் புடிச்சிகினு இருந்தாரு. நான் கத்தினது அதுல வுழுந்திருக்குமா?”

“விழுந்திருக்குங்க.”

“அப்ப அத அப்பிடியே போடுங்க. சத்தத்த கொறைக்காதீங்க. படிச்சது அம்சான்னு கீழ பேரும் போடுங்க.”

அவர் தலையாட்டிவிட்டு மேடேறினார். கயல்விழி அவர் திரும்பி வரும்வரை காத்து நிற்கவில்லை.

“நைனா, அந்த நாலாவது கியர இப்பவே பாத்துடலாம். அண்ணி, ஸ்பேனர் எடு.”