நீல வாளியில் இருப்பது

1

"இந்த வாளியில என்ன கலந்திருக்குன்னு எழுதிக் குடுங்க, சார்."

இந்தக் கதை பிறந்தது இந்த ஒரு வரியில். கேட்கவே கூடாது என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்ட வரி. கேட்டவள் மகள், வேதியியல் படித்தவள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அம்மா பதினோரு வருஷமாக ஒரு மருத்துவமனையில் கழிவறை கழுவுகிறாள்.

2

(முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காலை வெயில் ஓடுகளில் பட்டுத் தெறிக்க...' அடித்துவிட்டேன். அங்கே ஜன்னலே கிடையாது.)

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே நீல வாளியில் ஊற்றச் சொல்வார் சூப்பர்வைசர். நெடி மூக்கைத் துளைத்தால்தான் சுத்தம் என்று அவரும் நம்பினார், அம்மாவும் நம்பினாள். போன செவ்வாய்க்கிழமை மூச்சு முட்டி வாளிப் பக்கத்திலேயே சரிந்தாள்.

"அது மருந்தோட வேகம்டி. கிருமியே சாகுதுன்னா நமக்குக் கொஞ்சம் எரியாதா?"

"வேகமில்லம்மா, விஷப் புகை. உன் நுரையீரலையும் சேர்த்துக் கழுவுது."

"படிச்ச திமிரு. என் வேலைக்கு உலை வச்சிடாதே, தாயே."

3

சூப்பர்வைசரைக் கெட்டவராக எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அந்த ஆளும் இருமுகிறார்.

[அடிக்குறிப்பு: முதலில் சோப்பு. நன்றாக அலச வேண்டும். பிறகு தனி வாளியில், தண்ணீரில் கலந்த பிளீச். பத்து நிமிடம் ஊறட்டும். ஆசிட் அதன் பக்கமே வரக்கூடாது. இதற்குப் பட்டம் எதற்கு? பாட்டிலின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. இவர்கள் கைக்கு வருவதோ பெயர் ஒட்டாத வெறும் டப்பா.]

"எழுதியெல்லாம் தர முடியாதும்மா. உங்கம்மாவுக்கு வேலை வேணுமா, காகிதம் வேணுமா?"

அவர் மேஜைக்கு முன்னால் வாளியைப் பிடித்தபடி அம்மா தரையைப் பார்த்தாள்.

4

முடிவு ஒன்று: அவர் மனம் மாறி எழுதிக் கொடுக்கிறார். (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: அம்மாவுக்கு வேலை போகிறது. மகளோடு அவள் பேச்சை நிறுத்தி...

வேண்டாம். 'மகள்', 'மகள்' என்று எழுதி எத்தனை நேரம் ஒளிந்துகொள்வது? அது நான்தான். தொழிலாளர் அலுவலகத்துக்கான மனுவை முந்தின நாளே எழுதிவிட்டேன். கலந்தது என்ன, யார் சொல்லி என்ற இடம் மட்டும், அவரே எழுதித் தரட்டும் என்று, காலியாக இருந்தது. அவர் மேஜையிலிருந்த பேனாவையே எடுத்து நிரப்பினேன்.

"சார்கிட்ட மன்னிப்புக் கேளுடி" என்றாள் அம்மா.

நடந்தேன். பின்னால் வாளியின் கைப்பிடி 'டங்'கென்றது. கீழே வைத்தாளா, மறுபடி தூக்கினாளா? நீங்கள் வேண்டுமானால் பார்த்துச் சொல்லுங்கள். நான் திரும்பவில்லை, வாசலைத் தாண்டியிருந்தேன்.