அத்தை தந்தச் சீப்பு

பார்சல் அலுவலகத்துப் பெண் முகவரியைப் படித்துக்கொண்டே வந்தவள், கடைசி வரியில் நின்றுவிட்டாள். 'உள்ளே: அத்தை தந்தச் சீப்பு.'

"தந்தமா சார்?"

"என்னது?"

"தந்தச் சீப்புன்னு போட்டிருக்கீங்களே."

அவன் எட்டிப் பார்த்தான். ஒரு 'ச்' கூடுதலாக உட்கார்ந்திருந்தது. போன மாதம் வரை அவன் எழுதும் எதையும் மனைவி ஒருமுறை பார்த்துவிடுவாள். பதிப்பகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. "ஒற்று என்ன ஓசியிலயா கிடைக்குது உங்களுக்கு?" என்று சிரித்தபடியே கோடு போட்டு அடிப்பாள். இந்த வரியை அடிக்க ஆளில்லை.

"என் மாமியார் குடுத்த சீப்புங்க. கை தவறி ஒரு எழுத்து கூடிப்போச்சு."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்." பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவள் உள்ளறைக்கு நடந்தாள். அவனும் பின்னாலேயே போனான்.

சோதனை அதிகாரி டேப்பைக் கீறி, சீப்பை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள் பாய்ந்த வெள்ளை. பல்லிடுக்கில் நீளமான முடிகள் சுற்றிக் கிடந்தன.

அவற்றுக்காகத்தான் இந்தப் பார்சலே. "சீப்பை மட்டும் அனுப்பிடுங்க மாப்பிள்ளை. கழுவாம அனுப்புங்க" என்று அத்தை போனில் சொல்லியிருந்தாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

"தந்தம்னா பல்லு. யானையோட பல்லு," என்றார் அதிகாரி. "வெச்சிருந்தாலும் குத்தம், அனுப்பினாலும் குத்தம்."

"தந்தத்தை மருப்புன்னு நல்ல தமிழ்ல எழுதியிருந்தா எனக்கும் புரிஞ்சிருக்காது, பார்சலும் போயிருக்கும்," என்றாள் பெண்.

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார்.

"இது தந்தம் இல்லைன்னு நிச்சயமா தெரியுமா?"

தெரியாது. கல்யாணத்தன்று அத்தை இதை மகள் கையில் கொடுத்து, "அசல் யானைத் தந்தம், எங்க பரம்பரைச் சொத்து" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள். பிறகு மனைவி அவன் காதோடு, "பிளாஸ்டிக்கு. அம்மாகிட்ட மூச்சு விட்டுடாதீங்க" என்றாள். இருவரில் யார் சொன்னது உண்மை என்று அவன் ஆராய்ந்ததில்லை.

"தெரியாது சார்."

அதிகாரி இழுப்பறையிலிருந்து ஊசி, இடுக்கி, லைட்டர் எடுத்தார். "பிளாஸ்டிக்னா உருகும். உருகலைன்னா சீப்பு இங்க, நீங்க என்கூட." பெண்ணிடம் திரும்பினார். "அந்த முடியெல்லாம் எடுத்துப் போட்டுட்டுத் துடைச்சுக் குடும்மா."

அவள் தொடுவதற்குள் அவன் உள்ளங்கை சீப்பை மூடிவிட்டது.

"கையை எடுங்க."

"முடியைத் தொடாதீங்க."

"நல்லவிதமா சொல்லிட்டிருக்கேன்."

"அது என் மனைவியோடது. அவ இப்ப இல்ல."

இதை இதுவரை அவன் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்ன பிறகும் ஒன்றும் ஆகவில்லை. பெண் மட்டும் போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

அதிகாரி ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியோடு அவனிடம் நீட்டினார். "அப்ப நீங்களே வைங்க. கைப்பிடியில. அதுக்கு மேல என்னால இறங்கி வர முடியாது."

இடது கையால் பற்களை மறைத்துக்கொண்டு அவன் ஊசியை வைத்தான். அது இறங்கவில்லை. இன்னும் அழுத்தினான். ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கருகிய பிளாஸ்டிக் நாற்றம் அறையெங்கும் பரவியது.

மனைவி சொன்னதுதான் சரி.

"கவர்ல பிளாஸ்டிக் சீப்புன்னு மாத்தி எழுதிக் குடுங்க," என்றார் அதிகாரி.

"அது மட்டும் முடியாது சார்."

"ஏன்?"

"அத்தை படிப்பாங்க."

பெண் குறுக்கே புகுந்தாள். "ஆபீஸ் காப்பியில நான் பிளாஸ்டிக்னு போட்டுக்கறேன் சார். கவர்ல அவர் அந்த எழுத்தை மட்டும் அடிச்சுக் குடுக்கட்டும்."

அதிகாரி தலையசைத்தார்.

அவன் பேனாவை வாங்கி 'ச்' மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்தான். கோட்டின் முனையில், மனைவி போடுவதுபோல, சின்னச் சுழி ஒன்றும் போட்டான்.

"கைப்பிடியில ஓட்டை ஏதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" டேப்பை ஒட்டியபடியே கேட்டாள் பெண்.

"கைப்பிடியை யாருங்க பாக்கப் போறாங்க?" என்றான்.