சாய்மானம்

அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து செந்தில்குமார் உருவிய தலையணையைப் பிடுங்கி, பூங்கோதை அதே இடத்தில் திணித்தாள்.

"படுக்க வச்சா மூச்சு முட்டும்ணே. இதயம் இறைக்க முடியாம நுரையீரல் பூரா தண்ணி. நிமிர்ந்து உட்கார்ந்தாத்தான் கொஞ்சமாவது இழுக்க முடியும்."

"வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு டாக்டரே கைய விரிச்சிட்டாரு. இனிமே உன் வார்டு ரூலு எதுக்கு?"

பூங்கோதை அரசு மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். முப்பது கட்டில்களில் யாரை நிமிர்த்துவது, யாரைப் புரட்டுவது, யாருக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். தலைநகரின் துவாரகாவில், அண்ணனின் இந்த ஏழாவது மாடி வீட்டில் வெறும் தங்கச்சி.

சோபாவில் ஜம்பு சார், குடியிருப்புச் சங்கத் தலைவர். மூன்று வருடமாக லிஃப்டை ஒழுங்காக மேலே அனுப்ப முடியாதவர், ஆத்மாவை அனுப்பும் வழிகளைக் கரைத்துக் குடித்திருந்தார்.

"கட்டில்ல உயிர் போகக் கூடாதும்மா. தரையில, தெற்கே தலை வச்சு, மல்லாக்கப் போடணும். ஜல்தி. போனப்புறம் இறக்கினா செல்லாது."

ஏதோ மனுவுக்குக் கடைசித் தேதி அறிவித்த மாதிரி இருந்தது. செந்தில்குமார் அதற்குள் பாயை விரித்து, மொபைலில் தெற்கைத் தேடிக்கொண்டிருந்தான். ஏர்போர்ட்டில் பெரிய மேனேஜர்.

அப்பா அய்யாசாமி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பாயைப் பார்த்தார். மகளின் மணிக்கட்டைப் பற்றினார்.

"படுக்க... வேணாம்மா."

"கேட்டியாண்ணே?"

"பாவம், நினைவு தப்பிடுச்சு" என்றார் ஜம்பு சார். அந்த அறையில் நினைவு தப்பாதவர் அப்பா ஒருவர்தான்.

அண்ணனின் கை மறுபடி தலையணைக்குப் போனது. அவன் கண்ணில் முரட்டுத்தனம் இல்லை, பயம்தான் இருந்தது. அப்பாவை ஒழுங்காக அனுப்பவில்லை என்று நாளைக்கு நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம்.

"சரிண்ணே, இறக்குவோம். ஆனா நான் சொல்றபடி."

பூங்கோதை முதலில் பாயில் உட்கார்ந்தாள். முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து, கால்களை அகற்றி நீட்டினாள். "மெதுவா எம்மேல சாச்சு உட்கார வை. குழாயைப் பாத்து." அப்பாவின் முதுகு அவள் நெஞ்சில் வந்து பொருந்தியது. பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள்.

ஜம்பு சார் எட்டிப் பார்த்தார். "இது உட்கார்ந்த மாதிரியில்ல இருக்கு?"

"தரையிலதான சார் இருக்காரு?"

சாஸ்திரத்தில் அதற்கு உடனடியாக விதி கிடைக்கவில்லை. சவ வண்டிக்கு கேட்டில் பாஸ் வாங்குவதைப் பற்றிப் பேச, அவர் செந்தில்குமாரை பால்கனிக்குக் கூட்டிப்போனார்.

அப்பாவின் தோள்கள் தளர்ந்தன. ஒரு மூச்சு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்தது வரவில்லை. அவள் நெஞ்சில் பாரம் மட்டும் கொஞ்சம் கூடியது.

"எப்படியிருக்காரு?" என்றான் செந்தில்குமார், பால்கனியிலிருந்து.

"திணறல் நின்னிருக்கு."

"அச்சா. அப்ப இப்ப படுக்க வைக்கலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்ணே."

நழுவியிருந்த ஆக்சிஜன் குழாயை எடுத்து, இறுக்காமல், அவர் காதுக்குப் பின்னால் செருகினாள்.