நோராவுக்கு ஒரு பாட்டு நேரம்

அந்த ஞாயிறு மத்தியானம், தான் கோப்பை கழுவும் கடையின் அடுப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுவது என்று நாகபூசணி முடிவெடுத்துவிட்டாள். இத்தாலியின் கடலோர ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவில், சனம் நிரம்பி வழியும் ஞாயிறு மத்தியானம் மீன் சாப்பாட்டுக் கடை அடுப்பை அணைப்பவளுக்கு மறுநாள் வேலை இருக்காது. அது அவளுக்கும் தெரியும்.

எல்லாம் நோராவுக்காகத்தான். நோரா ஓர் அயர்லாந்துக் கிழவி, கடற்கரையோரம் தனியாகக் குடியிருந்தவள். ஞாயிறுதோறும் இந்தக் கடையில் சாப்பிட்டு முடித்ததும், வாத்தியம் எதுவுமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு தன் ஊர்ப் பழம்பாட்டு ஒன்றைப் பாடுவாள். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்காது. ஆனாலும் கரண்டிச் சத்தம்கூட அடங்கிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் மாரியில், கதைக்க ஓர் ஆளில்லாமல், கோப்பை கழுவும் தொட்டிக்குள் கையை விட்டபடி அந்தப் பாட்டைக் கேட்டு நாகபூசணி விம்மி விம்மி அழுதாள். அடுத்த ஞாயிறு நோரா தன் கதிரையைத் தூக்கிவந்து குசினி வாசலில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து குசினியைப் பார்த்துத்தான் பாடினாள்.

புதன்கிழமை நோரா போய்ச் சேர்ந்தாள். சொந்தக்காரர் வந்து உடலை அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். முதலாளி தொத்தோ அவளைப் பற்றி மூச்சுக்கூட விடாமல், ஞாயிறுக்கு அக்கோர்டியன் வாத்தியம் வாசிக்கும் ஒருவனைப் பிடித்துவிட்டான். நாகபூசணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, விசர் வேலை பாக்காதேங்கோ. இஞ்ச இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கிற நேரம், வேலை இல்லாட்டி என்ன செய்வியள்?" என்றான் மீன் பொரிக்கும் செல்வராசா.

"ஒரு பாட்டு நேரம்தானே தம்பி. அதுகூடக் குடுக்கேலாட்டி நாங்கள் என்ன மனிசர்?"

அணைத்தாள். அடுப்பு, புகை இழுக்கும் விசிறி, கோப்பை கழுவும் மெஷின், எல்லாம். ஈரக் கையோடு முன்னுக்குப் போய் அக்கோர்டியனைப் பிடித்து நிறுத்தினாள். சனம் வாயைப் பிளந்தது. தொத்தோ கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"நோராவுக்கு ஒரு பாட்டு நேரம்," என்றாள் தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில். "பிறகு என்னை வேலையால நிப்பாட்டுங்கோ."

கடை அடங்கியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சத்தத்தை நிறுத்தத்தான் யோசித்தாளே தவிர, பாடுவது யார் என்று யோசிக்கவேயில்லை! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பின்வாங்குகிற ஆளில்லை அவள். சொல் தெரியாமல், ராகத்தை மட்டும் பிடித்து முனகத் தொடங்கினாள்.

"அப்படியில்லை," என்றான் தொத்தோ எரிச்சலோடு. "அந்த இடத்திலை மேலை போகவேணும்."

சொல்லிவிட்டு அவனே பாடினான், நோராவின் சொற்களோடு. கிழவி ஓசியில் தின்கிறாள் என்று ஞாயிறுதோறும் முணுமுணுத்த அதே வாய்! இரண்டு வரி பாடினான். மூன்றாவதில் நின்றுவிட்டான்.

"பிறகு?" என்று அவளைக் கேட்டான்.

"தெரியாது."

செல்வராசாவும் இல்லையென்று தலையை ஆட்டினான். வழக்கமாக வருகிற சனத்துக்கும் தெரியவில்லை. இத்தனை ஞாயிறு கேட்டும் மிச்சம் இரண்டே வரி.

"அப்ப அந்த ரெண்டையும் திருப்பிப் பாடுவம்," என்றாள் நாகபூசணி.

தொத்தோ சொல்லிக் கொடுக்க அவள் பாடினாள். செல்வராசா அகப்பையும் கையுமாக வந்து சேர்ந்துகொண்டான். பிறகு முன் மேசைக்காரர். பொரித்த மீன் ஆறி விறைத்துப்போனது. கடைசி மேசையில் இருந்தவர்களுக்கும் அந்த இரண்டு வரி பிசகாமல் வரும்வரை, நாகபூசணி ஒருவரையும் எழும்ப விடவில்லை.